பின்னிருக்கையிலிருந்து தொடங்குங்கள்: இருவர் பயணத்துக்கான அட்வென்ச்சர் மோட்டார்சைக்கிளைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அட்வென்ச்சர் மோட்டார்சைக்கிள் (நீண்ட பயணத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்றபடி உயரமாக அமைந்த வண்டி) வாங்கப் போகும் நண்பர்களுக்குத் துணையாக ஷோரூமுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரே வரிசையில்தான் தேர்வு நடப்பதைப் பார்க்கிறேன். முதலில் எத்தனை சிசி என்று பார்க்கிறார்கள், அடுத்து நிறம், அடுத்து மாதத் தவணை. மனைவியோ நண்பரோ அம்மாவோ பின்னால் உட்காரப் போகிறார் என்பது முன்பணம் கட்டிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. பின்னால் உட்காருபவர், சுமை, சாலை ஆகிய மூன்றையும் முடிவு செய்த பிறகு எஞ்சினைப் பார்த்தால், பட்டியலில் உள்ள பாதி வண்டிகள் தாமாகவே விலகிவிடும். மீதமுள்ளவற்றை ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

தற்போது இந்தியச் சந்தையில் கிடைக்கும் வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பழைய வண்டி வாங்குவோருக்கும் வரிசை இதுவேதான்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று, வீட்டில் எடை பார்க்கும் கருவி, இருவரின் ஹெல்மெட், நீண்ட பயணத்தில் இருவரும் அணியப்போகும் காலணிகள், ஒரு குறிப்பேடு, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் உட்காரப்போகிறவர் உங்களுடன் ஷோரூமுக்கு வர வேண்டும். அவர் இல்லாமல் செல்வதானால் அன்று செல்வதில் பயனில்லை. வேறொருவரைப் பின்னால் உட்காரவைத்துப் பார்த்தால், எடையும் உயரமும் மாறுவதால் கிடைக்கும் முடிவும் மாறிவிடும்.

வார நாளில், காலை நேரத்தில் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வண்டியின் பின்னிருக்கையில் கால் மணி நேரம் உட்கார எவரும் விடமாட்டார்கள்.

1. பின்னால் உட்காருபவரிடம் முதலில் பேசுங்கள்

அவருக்கு முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உண்டா, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், உயரமான இருக்கையில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியுமா, காற்று முகத்தில் அடிப்பது பிடிக்குமா, வேகம் பயமுறுத்துமா என்பதை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் ஒவ்வொரு பதிலும் வண்டியின் ஏதேனும் ஒரு பாகத்தைத் தீர்மானிக்கும். முழங்கால் வலி இருந்தால் இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளி முதன்மையாகிறது. ஏறுவது கடினம் என்றால் பின்னிருக்கையின் உயரமே முதல் வடிகட்டி.

சேலை உடுத்தி ஒருபக்கமாக உட்காரும் வழக்கமுடையவர் என்றால், அதையும் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அட்வென்ச்சர் வண்டியில் இருக்கை உயரம் என்பதால் ஒருபக்கமாக உட்காருபவரின் எடை மேலேயும் ஓரத்திலும் நிற்கும். வேகத்தடையிலும் திருப்பத்திலும் வண்டி ஒருபுறம் இழுக்கும். இடப்பக்கம் பெட்டி மாட்டினால் காலை வைக்கவே இடமிருக்காது. கடைத்தெருவுக்குப் போய்வர இது ஒத்துவரலாம், ஊர் விட்டு ஊர் போகும் பயணத்துக்கு ஒத்துவராது. இருபுறமும் கால் போட்டு உட்கார அவர் விரும்பவில்லை என்றால், இந்த வகை வண்டியே உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மையான ஆலோசனை.

2. சுமையைக் கிலோ கணக்கில் கூட்டுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மொத்த எடை என்று ஒன்று உண்டு. பயனர் கையேட்டில் அது இருக்கும். அதிலிருந்து வண்டியின் கெர்ப் எடையை, அதாவது ஆளும் சுமையும் ஏறாமல் ஓடத் தயாராக நிற்கும் வண்டியின் எடையை, கழித்தால், நீங்கள் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். கெர்ப் எடையில் எண்ணெயும் பெட்ரோலும் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் பெட்ரோலைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவர் 78 கிலோ, பின்னால் உட்காருபவர் 62 கிலோ, இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்ந்து 12 கிலோ, ரேக்கும் பெட்டிகளும் 13 கிலோ, துணிமணி, தண்ணீர், மழைக்கோட்டு, கருவிகள் 17 கிலோ. மொத்தம் 182 கிலோ. பெரும்பாலானோர் இருவரின் உடல் எடையை மட்டும் கூட்டி 140 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். விடுபட்ட 42 கிலோதான் பின்புற ஷாக் அப்சார்பரை முழுவதுமாக அமுக்கி, ஸ்போக்கைத் தளரவைத்து, ரேக்கின் வெல்டிங்கில் விரிசல் விட வைக்கிறது.

உங்கள் மொத்தம் அனுமதிக்கப்பட்ட சுமையைத் தாண்டினால் அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சரியாக எல்லையில் நின்றாலும் நீக்குவதே நல்லது என்பது என் கருத்து. பண்டிகைக்கு ஊருக்குச் சென்று திரும்பும்போது பெட்டியின் எடை கூடாமல் திரும்பும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

3. எந்தச் சாலை என்று முடிவு செய்து சக்கர அளவைத் தேர்ந்தெடுங்கள்

கடந்த ஆண்டு இருவரும் சேர்ந்து உண்மையில் சென்ற பாதைகளை எழுதுங்கள். செல்ல ஆசைப்படும் பாதைகளைத் தனியே எழுதுங்கள். தேர்வு முதல் பட்டியலை வைத்து நடக்க வேண்டும்.

முன்சக்கரம் 21 அங்குலம் உள்ள வண்டிகள் கற்களையும் குழிகளையும் எளிதில் ஏறிக் கடக்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இந்த வகை. ஆனால் அந்தச் சக்கரத்தோடு நீண்ட சஸ்பென்ஷனும் உயரமும் சேர்ந்தே வரும். 19 அங்குலம் என்பது நடுவழி: சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், ஹோண்டா என்எக்ஸ்500, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 ஆகியவை முன்னால் 19, பின்னால் 17 அங்குலச் சக்கரங்களுடன் வருகின்றன. கவாஸாகி வெர்சிஸ் 650 முன்னும் பின்னும் 17 அங்குலத்தில் ஓடுவதால், தோற்றத்தில் அட்வென்ச்சராக இருந்தாலும் தார்ச்சாலைக்கே உரியது.

இருவராகப் பயணிக்கும்போது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தார்ச்சாலைதான் என்றால் 19 அங்குலமே போதும். தோட்டத்துச் செம்மண் பாதையும், மழைக்குப் பிறகு சிதைந்த மலைச்சாலையும் அதில் தாராளமாகக் கடக்கலாம். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஆற்றுப்படுகையில் இறங்கப்போவதில்லை.

4. எஞ்சினில் முறுக்குவிசையையும் அது எங்கே கிடைக்கிறது என்பதையும் பாருங்கள்

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் குதிரைத்திறன், எஞ்சினின் உச்சச் சுழற்சியில் (ஆர்பிஎம்) கிடைப்பது. இருவரும் பெட்டியுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் ஒருபோதும் அந்தச் சுழற்சியில் இருக்காது. வளைவில் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் மூவாயிரம் சுழற்சியில் இருந்து வண்டி உதறாமல் எழும்பி வர வேண்டும். அந்த இடத்தில் வேலை செய்வது டார்க் எனப்படும் முறுக்குவிசை.

ஆகவே இரண்டு எண்களைச் சேர்த்துப் படியுங்கள். ஹிமாலயன் 450 தரும் 40 நியூட்டன் மீட்டர் 5,500 சுழற்சியில் உச்சம் தொடுகிறது. கேடிஎம் 390 அட்வென்ச்சரின் 39 நியூட்டன் மீட்டர் 6,500-லும், வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸின் 22.2 நியூட்டன் மீட்டர் 7,300-லும் உச்சம் தொடுகின்றன. முதல் இரண்டின் அளவு ஏறக்குறைய ஒன்றே என்றாலும், கீழ்ச்சுழற்சியில் இழுக்கும் வண்டியில் கிளட்ச்சை அரைகுறையாகப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். கிளட்ச் குலுக்கல் குறைந்தால் பின்னால் இருப்பவரின் தலை உங்கள் ஹெல்மெட்டில் முட்டுவதும் குறையும்.

250 சிசி வண்டியில் இருவர் போகவே முடியாது என்று சொல்வோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோதான் என்பதால் நகரத்திலும் மாவட்டச் சாலையிலும் இருவரைச் சுமந்து இதமாகச் செல்லும். ஆனால் நான்குவழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது லாரி ஒன்றை முந்த வேண்டுமானால் கியரைக் குறைத்து, இடைவெளி பார்த்துக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு இருவராக அடிக்கடி செல்பவருக்கு அது சோர்வு தரும். எக்ஸ்பல்ஸ் 200 போன்ற 20 குதிரைத்திறனுக்கும் குறைவான வண்டிகள் தனியாளுக்கு அருமையானவை; இருவர் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒற்றை சிலிண்டரா இரட்டை சிலிண்டரா என்பதையும் கவனியுங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு ஹேண்டில்பாரில் உங்களுக்குத் தெரிவதைவிட ஃபுட்ரெஸ்ட்டிலும் கிராப் ரெயில் எனப்படும் பின்னிருக்கைக் கைப்பிடியிலும் பின்னால் இருப்பவருக்கு அதிகமாகத் தெரியக்கூடும். 471 சிசி இரட்டை சிலிண்டர் கொண்ட என்எக்ஸ்500 போன்றவை நீண்ட தூரத்தில் பின்னிருக்கைக்குத் தரும் நிம்மதி பெரிது. ஆனால் விலையும் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிள்களுக்கு 40 சதவீதமும், அதற்கு உட்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி என்பதால், இந்த எல்லையின் இருபுறமும் உள்ள வண்டிகளின் விலை இடைவெளி முன்பைவிட விரிந்திருக்கிறது.

5. ஓட்டுபவரின் கால் தரையில் உறுதியாக ஊன்றுகிறதா என்று பாருங்கள்

தனியாக ஓட்டும்போது ஒரு காலின் முன்பாதம் தரையைத் தொட்டாலே சமாளித்துவிடலாம். பின்னால் ஒருவர் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி இடப்பக்கம் இழுக்கப்படும். அந்த ஒரு கணத்தை உங்கள் கால்களே தாங்க வேண்டும். இருவர் பயணத்தில் வண்டி சாய்ந்து விழுவது பெரும்பாலும் ஓடும்போது நடப்பதில்லை, நின்ற நிலையில் ஏறும்போதுதான் நடக்கிறது.

ஹிமாலயன் 450-இன் இருக்கை 825 மில்லிமீட்டர், அதை 845 வரை உயர்த்தலாம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835, என்எக்ஸ்500 830, வெர்சிஸ் 650 845 மில்லிமீட்டர். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இருக்கையின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் உயரமான வண்டியிலும் கால் எட்டும். அகன்றிருந்தால் தாழ்வான வண்டியிலும் எட்டாது. பயணக் காலணியை அணிந்து உட்கார்ந்து, இரு பாதங்களின் முன்பாதியும் ஒரே நேரத்தில் அழுத்தமாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னவரை ஏறச்சொல்லிப் பாருங்கள். அவர் உட்கார்ந்ததும் வண்டி சற்றே இறங்கி உங்கள் கால் நன்றாக எட்டும். ஆனால் சோதிக்க வேண்டியது அவர் ஏறிக்கொண்டிருக்கும் கணத்தை.

ஏறும் முறையை ஷோரூமிலேயே பழகிவிடுங்கள். ஓட்டுபவர் இரு காலையும் ஊன்றி, வண்டியை நிமிர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் பின்னவர் இடப்பக்கத்திலிருந்து ஃபுட்ரெஸ்ட்டில் கால்வைத்து, உங்கள் தோளைப் பிடித்து ஏற வேண்டும். சொல்லாமல் ஏறுவதும் இறங்குவதும்தான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

6. பின்னிருக்கையை அளந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஷோரூமில் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பின்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது சோதனை ஆகாது. வண்டியை நேராக நிறுத்தி, நீங்கள் முன்னால் உட்கார்ந்த நிலையில், அவர் பின்னால் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும்.

அப்போது முழங்காலைப் பாருங்கள். பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த நிலையில் முழங்கால் 90 பாகைக்குக் குறைவாக மடங்கினால், அரை மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். பின்னவரின் இருக்கையிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டிகளை ஒப்பிடும்போது விளம்பரத்தில் கிடைக்காத, ஆனால் மிகவும் பயன்படும் எண் இதுவே. ஃபுட்ரெஸ்ட் மிகவும் பின்னால் தள்ளியிருந்தால் பின்னவர் முன்னே சரிந்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் முதுகில் சாய்வார்.

அடுத்தது இருக்கையின் நீள அகலமும் சாய்வும். முன்னோக்கிச் சரிந்த இருக்கை பின்னவரை ஓயாமல் உங்கள் மீது தள்ளும். கையால் தடவிப் பார்த்தாலே சரிவு தெரியும். மெத்தையைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்கி அடித்தகடு விரலுக்குத் தட்டுப்படும் மெத்தை ஷோரூமில் சுகமாகவும் 100 கிலோமீட்டருக்குப் பிறகு பலகையாகவும் இருக்கும். ஓரளவு எதிர்த்து நிற்கும் மெத்தையே நீண்ட பயணத்துக்கு நல்லது. இருக்கை மட்டும்தான் குறை, மற்றெல்லாம் பொருந்துகிறது என்றால் வண்டியை ஒதுக்க வேண்டாம். நல்ல இருக்கைத் தையற்காரரிடம் மெத்தையை மாற்றிக்கொள்ளலாம். ஃபுட்ரெஸ்ட்டின் இடத்தை அப்படி மாற்ற முடியாது.

கைப்பிடியைப் பாருங்கள். பின்னவர் முதுகை வளைக்காமல் இரு பக்கமும் பிடிக்க முடிய வேண்டும். கையுறை அணிந்த விரல்கள் உள்ளே நுழைய இடம் வேண்டும். பல வண்டிகளில் ரேக்கும், பின்னிருக்கைக்குப் பின்னால் வரும் டாப் பாக்ஸ் என்ற பெட்டியும் மாட்டியதும் இந்த இடம் அடைபட்டுப் போகிறது. வலப்பக்கத்தில் சைலன்சருக்கு வெப்பத்தடுப்புத் தகடு இருக்கிறதா, குதிகால் அதில் படுகிறதா என்று பாருங்கள். காலணியின் ரப்பர் உருகி ஒட்டிய தடம் பழைய வண்டிகளின் சைலன்சரில் அடிக்கடி காணக்கிடைக்கும். பழைய வண்டி வாங்குவோருக்கு அது ஒரு நேரடிச் சாட்சி.

பின்சக்கரத்தை மூடும் சேலைத்தடுப்பைக் கழற்றிவிடும் வழக்கம் அட்வென்ச்சர் வண்டி வைத்திருப்போரிடம் பரவலாக உள்ளது. பின்னவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும், கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. துப்பட்டாவோ மழைக்கோட்டின் நுனியோ ஸ்போக்கில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெட்டி மாட்டுவதற்காகத் தடுப்பைக் கழற்ற வேண்டியிருந்தால், தடுப்போடு ஒத்துப்போகும் ரேக்கைத் தேடுங்கள்.

7. பின்புற சஸ்பென்ஷனைச் சுமைக்கேற்ப மாற்ற முடியுமா என்று உறுதி செய்யுங்கள்

பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குப் போகிறது. பின்புறம் அமுங்க, முன்புறம் தூக்கிக்கொள்கிறது. இதனால் ஹேண்டில்பார் இலேசாகி, வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடப்பார்க்கும். விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வேகத்தடையில் அடிப்பாகம் உரசும். "இருவர் போனால் வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பலரும் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் முன்னழுத்தமான பிரீலோடைக் கூட்டினால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஆகவே வாங்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: பிரீலோடை மாற்ற முடியுமா, எப்படி மாற்றுவது? வெர்சிஸ் 650-இல் கையால் திருகும் குமிழ் உள்ளது. பின்னவர் ஏறும் முன் சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம். பல வண்டிகளில் கொக்கி வடிவ ஸ்பேனரால் ஸ்பிரிங்கை அழுத்தும் வளையத்தைத் திருப்ப வேண்டும். அந்த ஸ்பேனர் வண்டியுடன் வரும் கருவிப் பையில் இருக்கிறதா என்றும், வளையம் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி தனியாகவும் இருவராகவும் மாறி மாறிச் செல்பவருக்குக் குமிழ் உள்ள வண்டி தரும் பயன் கூடுதல் ஐந்து குதிரைத்திறனைவிட மேலானது.

சரியாக அமைந்திருக்கிறதா என்பதை நாடாவால் சோதிக்கலாம். பின்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளிக்கு ஒட்டுநாடா ஒட்டி, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு இருவரும் பெட்டியுடன் உட்கார்ந்திருக்க, மூன்றாமவர் அதே இடைவெளியை மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஹிமாலயன் 450-இன் பின்புற அசைவு 200 மில்லிமீட்டர். ஆகவே 60 முதல் 65 மில்லிமீட்டர் வரை அமுங்குவது சரி. 90 மில்லிமீட்டர் அமுங்கினால் வளையத்தை இறுக்குங்கள். கடைசிப் படிவரை இறுக்கியும் அடங்கவில்லை என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. கடினமான ஸ்பிரிங் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டி.

8. டெஸ்ட் ரைடை இருவராக, ஒரு வரிசையில் செய்யுங்கள்

முதலில் தனியாக ஓட்டி, பிரேக்கும் கிளட்ச்சும் எங்கே பிடிக்கின்றன என்று பழகிக்கொள்ளுங்கள். பழகாத வண்டியில் நேரே ஆளை ஏற்றினால் உங்கள் தடுமாற்றம் வண்டியின் குறையாகப் பின்னவருக்குத் தோன்றும்.

பிறகு இருவராகச் செல்லும்போது வேகத்தடைகள் உள்ள தெரு, குறுகிய இடத்தில் யூ-திருப்பம், ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்புவது, 80 கிலோமீட்டர் வேகத்தில் சில நிமிடங்கள், ஆளில்லாத இடத்தில் அழுத்தமான பிரேக் ஆகியவை பாதையில் இருக்க வேண்டும். பின்னால் எடை இருக்கும்போது பின்பிரேக்குக்கு வழக்கத்தைவிடப் பிடிப்பு அதிகம் என்பதால் அதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். முன்பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் முன்ஃபோர்க் அமுங்கி இரு ஹெல்மெட்டும் மோதும். அப்படி மோதுவது உங்கள் பழக்கத்தாலா, வண்டியின் ஃபோர்க் மிகவும் மென்மையாக இருப்பதாலா என்று இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்று ஒரு தனிச் செய்தி. முன்கண்ணாடி உங்கள் மார்பைக் காப்பாற்றும்போதே, அதன் விளிம்பில் சிதறும் காற்று உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பின்னவரின் ஹெல்மெட்டை ஆட்டக்கூடும். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் நம்பிக்கையான வேறொரு ஓட்டுநர் உடன் இருந்தால், நீங்களே சிறிது தூரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வாங்கப் போகிறவர்களில் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் மனத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

இறங்கியதும் முதலில் பேச வேண்டியவர் பின்னால் உட்கார்ந்தவர். நீங்கள் உற்சாகமாக "வண்டி அருமை" என்று தொடங்கிவிட்டால், உங்கள் ஆசையைக் கெடுக்க வேண்டாமென்று அவர் தமது இடுப்பு வலியை விழுங்கிவிடுவார். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஷோரூம் தரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போதாது. அதே மாடல் நாள் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்து இருவரும் காலை முதல் மாலை வரை சென்று வாருங்கள். லட்சக்கணக்கில் செலவிடும் முன் வாடகையாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

9. பெட்டிகளையும் கூடுதல் பொருள்களையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்

பின்னவருக்கு டாப் பாக்ஸில் முதுகுச் சாய்வு, ஓட்டுபவருக்கு எஞ்சின் கார்டு, இருவருக்கும் ஐஎஸ் 4151 முத்திரையுள்ள ஹெல்மெட், தேவைப்பட்டால் இருக்கை மாற்றம், பேசிக்கொள்ள புளூடூத் கருவி ஆகியவற்றின் விலையை ஆன்ரோடு விலையுடன் கூட்டுங்கள். பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, பின்னவருக்கு வீட்டிலிருக்கும் பழைய ஹெல்மெட்டைக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

பெட்டி மாட்டிய வண்டியில் ஏறிப் பார்த்த பிறகே பெட்டியை வாங்குங்கள். டாப் பாக்ஸ் இருந்தால் பின்னவர் காலை உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கொண்டுவர வேண்டும். உயரம் குறைந்தவருக்கும் வயதானவருக்கும் இது முடியாமல் போகலாம். பக்கப் பெட்டிகள் பின்னவரின் கெண்டைக்காலில் இடிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளின் அடியில் போக வேண்டும், டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் துணியும் மட்டும். டாப் பாக்ஸ் பின்அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தை மேலும் இலேசாக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே செல்லும்போது பக்கவாட்டுக் காற்று அந்தப் பெட்டியைப் பிடித்துத் தள்ளுவதை இருவராகச் சென்றவர்கள் அறிவார்கள்.

10. சர்வீஸ் தூரத்தைப் பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் எவ்வளவு தூரம், பிரேக் பேடும் கிளட்ச் கேபிளும் கையிருப்பில் உண்டா என்று விசாரியுங்கள். இருவர் சுமையில் பின்பிரேக் பேடும் பின்டயரும் செயினும் சீக்கிரம் தேயும். இரண்டு வண்டிகள் சமமாகத் தோன்றினால், பக்கத்தில் சர்வீஸ் உள்ளதை எடுங்கள்.

11. வண்டி வீட்டுக்கு வந்ததும் இருவருக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்

முதல் நீண்ட பயணத்துக்கு முன் நான்கு வேலைகள் உள்ளன. மேலே சொன்னபடி பிரீலோடை அமையுங்கள். டயர் காற்றழுத்தத்தை, கையேட்டில் அல்லது வண்டியில் ஒட்டியுள்ள தாளில் 'பின்னிருக்கையாளருடன்' என்று கொடுத்துள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். பெட்ரோல் பங்க்கில் தனியாளுக்கான அளவையே கேட்டு நிரப்பிக்கொண்டு வருவது பரவலான தவறு.

இரவில் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தனியாக உட்கார்ந்து வெளிச்சத்தின் மேல் விளிம்பைச் சாக்கட்டியால் குறியுங்கள். பிறகு பின்னவரை ஏற்றிப் பாருங்கள். விளிம்பு குறியைத் தாண்டி மேலேறினால், பிரீலோடை முதலில் சரிபார்த்து, மீதியை விளக்கின் திருகில் இறக்குங்கள். வரிசை முக்கியம், விளக்கை முதலில் இறக்கினால் பிரீலோட் மாறியதும் வெளிச்சம் சக்கரத்தடியில் விழும்.

கடைசியாகச் செயின். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பின்புறம் அமுங்க அமுங்கச் செயின் இறுகும். தனியாக நிற்கும்போது கச்சிதமாகத் தெரியும் செயின், இருவரும் ஏறி ஒரு வேகத்தடையில் இறங்கும்போது நாண்போல் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். கையேட்டில் சொன்ன தொய்வை அளந்து வைத்துவிட்டு, பின்னவர் உட்கார்ந்த நிலையில் கீழ்ச்செயினை விரலால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அப்போதும் சற்றே அசைய வேண்டும்.